ஏட்டில் ஏறாத மொழிக்கும் இலக்கணம் கண்ட பேராயர்

(மன்றக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஜவ்வாது மலைமேல் கூடிய ஒரு தமிழவை, தென்கோடித் தேரிக்காட்டில் வாழ்ந்து மறைந்த ஆங்கிலிக்கன் பேராயர் ஒருவரை நினைவு கூர்வது ஏன் என்னும் வினா எழலாம். இராபர்ட்டு கால்டுவெல் இம்மலையில் பணியாற்றியவர் அல்லர். அவருடைய ஊர் இடையன்குடி. நெல்லைச் சீமையின் தென்மூலையில், பனையும் செம்மணலும் சூழ்ந்த சிற்றூர். எனினும், நூல் இல்லாத மொழியும் எழுத்தறியா மக்களின் பேச்சும் மொழியாராய்ச்சியின் பேரவையில் செந்தமிழோடு ஒக்கச் சான்று கூறும் தகுதியுடையன என்று நிறுவியவர்களுள் அவர் தலையாயவர். மலைவாழ் மக்களின் நாவில் வாழும் சொற்களுக்கு அவர் அளித்த மதிப்பே மலைமேல் கூடிய அவையில் அவர் பெயரை எடுப்பதற்குப் போதிய காரணம்.

அவரைத் ‘திராவிட மொழிநூலின் தந்தை’ என்று புகழ்வதோடு நின்றுவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. புகழ்ச்சி எளிது, அளந்தறிவது அரிது. அவர் செய்தது இன்னது, தவறியது இன்னது என்று பகுத்துக் காண்பதே அறிஞர்க்குச் செய்யும் மெய்யான சிறப்பாகும்.

இளமையும் வருகையும்

கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் அயர்லாந்தின் ஆண்ட்ரிம் பகுதியில் பிறந்தார். பெற்றோர் இசுகாத்துலாந்து நாட்டினர், செல்வர் அல்லர். குடும்பம் பின்னர்க் கிளாசுகோ நகருக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் ஓவியம் பயில டப்ளின் நகருக்குச் சென்றார். ஆயினும் அவர் உள்ளம் சமயப்பணியை நாடிற்று. 1834-இல் இலண்டன் மிசனரி சங்கத்தில் சேர்ந்தார். அச்சங்கம் அவரைக் கிளாசுகோ பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிப் படிப்பித்தது. அங்கே கிரேக்க மொழிப் பேராசிரியர் சர் டேனியல் சேண்ட்ஃபோர்டு, கிரேக்கத்தைப் பிற மொழிகளோடு ஒப்பிட்டு விளக்கும் முறையில் பாடம் நடத்தி வந்தார். அந்த வகுப்பறையில் விழுந்த வித்து, பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலான காத்திருப்புக்குப் பின் தமிழ்நாட்டின் பயனாக விளைந்தது.

1837-இல் ‘மேரி ஆன்’ என்னும் கப்பலில் புறப்பட்டு, 1838-ஆம் ஆண்டு சனவரி 8-ஆம் நாள் சென்னையில் வந்திறங்கினார். தெலுங்கு மொழிக்குப் பெருந்தொண்டு புரிந்த சி.பி. பிரவுன் அதே கப்பலில் பயணம் செய்தார் என்பது நினைக்கத்தக்கது. கரையேறும் முன்னரே தென்மொழிகளைப் பற்றிய பேச்சு அவர் செவியில் விழத் தொடங்கிற்று.

சென்னையில் மூன்றாண்டுகளுக்கும் மேலாகத் தங்கித் தமிழ் கற்றார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த துரூ அந்நாளில் அவருக்கு உடனிருந்த அறிஞருள் ஒருவர். 1841-இல் இலண்டன் மிசனரி சங்கத்தை விட்டு விலகி, ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சார்ந்த நற்செய்தி பரப்புநர் கழகத்தில் சேர்ந்தார். அக்கழகம் அவருக்குக் குறித்த களம் இடையன்குடி.

நடந்து கற்ற நாடு

சென்னையிலிருந்து நெல்லைக்கு அவர் சென்ற முறை அந்நாளைய வெள்ளையர் வழக்கத்திற்கு மாறானது. குதிரையிலும் பல்லக்கிலும் செல்வதே அவர்தம் மதிப்புக்கு ஏற்றது என்று கருதப்பட்ட காலத்தில், கால்டுவெல் கால்நடையாகவே புறப்பட்டார். கடற்கரையோரமாகத் தரங்கம்பாடி, பின்னர்க் குடந்தை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி, அப்பால் நீலமலை, மதுரை, நெல்லை என்று அவ்வழி வளைந்து நீண்டது. நீலமலையில் உதகமண்டலத்தில் பேராயர் ஸ்பென்சரால் ஆங்கிலிக்கன் திருச்சபையின் தொண்டராகத் திருநிலைப்படுத்தப் பெற்றார். 1841-ஆம் ஆண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார்.

நடந்து செல்பவனிடம் மக்கள் பேசுவர். பல்லக்கில் செல்பவனைக் கண்டு ஒதுங்குவர். ஊர்தோறும் சொல் மாறுவதையும் ஒலி மாறுவதையும், அம்மாற்றத்திற்கு அடியில் மாறாத ஒன்று ஓடுவதையும் கால்நடைப் பயணி ஒருவனே உணர முடியும். தோடரும் கோத்தரும் வாழும் நீலமலையை அவர் அப்பயணத்திலேயே கண்டார். அவர்தம் மொழிகள் முப்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட பின்னர் அவருடைய நூலின் இரண்டாம் பதிப்பிலும் இடம்பெற்று நிற்பதைக் காண்கிறோம்.

இடையன்குடியில் நாற்பதாண்டுகளுக்கு மேல் உழைத்தார். நிலம் பெற்றுத் தெரு வகுத்தார்; கிணறு தோண்டினார்; மரம் நட்டார்; பள்ளிகள் அமைத்தார். 1844-இல் நாகர்கோவில் சமயத்தொண்டர் மால்ட்டு என்பாரின் மகள் எலைசாவை மணந்தார். அவ்வம்மையார் நாஞ்சில் நாட்டில் வளர்ந்தவர். தமிழ் அவருக்குக் குழந்தைப் பருவத்திலேயே வாய்த்த மொழி. பெண்களுக்கு உறைவிடப் பள்ளி நடத்தியும், பின்னல் ஓரம் செய்யும் கைத்தொழிலைக் கற்பித்தும், வீட்டை விட்டு வெளிவராத ஏழைப் பெண்கள் கையில் காசு காணச் செய்தவர் அவரே. கால்டுவெல்லின் தமிழறிவைப் பேசுவோர், அவர் இல்லத்திலேயே இயல்பாக ஒலித்த இந்தத் தமிழை மறத்தல் தகாது.

ஒப்பிலக்கணம் நிறுவியது யாது?

உடல்நலங் குன்றி 1854-இல் தாயகம் சென்ற கால்டுவெல், 1856-இல் இலண்டனில் ‘திராவிட அல்லது தென்னிந்திய மொழிக்குடும்பத்தின் ஒப்பிலக்கணம்’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெருநூலை வெளியிட்டார். பெரிதும் திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பு 1875-இல் வந்தது. அவர் மறைந்த பின், 1913-இல் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது.

அந்நாளில் இந்திய மொழிகள் யாவும் வடமொழியின் வழிவந்தன என்னும் கருத்து அறிஞரிடையே வலுவாக இருந்தது. தமிழிலும் தெலுங்கிலும் வடசொல் மிகுந்து கலந்திருப்பது அக்கருத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. கால்டுவெல் இச்சிக்கலை அவிழ்த்த முறை எளியது, உறுதியானது. கடன் வாங்கிய பொருளைக் கொண்டு ஒரு குடும்பத்தின் பிறப்பை அறிய முடியாது. வீட்டின் அடிப்படையான பொருள்களையே நோக்க வேண்டும். எனவே அவர் தன்மை முன்னிலைப் பெயர்கள், எண்ணுப்பெயர்கள், வேற்றுமையுருபுகள், வினைமுற்று ஈறுகள், உறுப்புப் பெயர்கள், அன்றாட வினைகள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டார்.

மூன்று என்பது மலையாளத்தில் ‘மூன்னு’, கன்னடத்தில் ‘மூரு’, தெலுங்கில் ‘மூடு’, துளுவில் ‘மூஜி’. நான் என்பது கன்னடத்தில் ‘நானு’, மலையாளத்தில் ‘ஞான்’, தெலுங்கில் ‘நேனு’. வீட்டைக் குறிக்கும் ‘இல்’ தெலுங்கில் ‘இல்லு’. இவை ஒருவரிடமிருந்து ஒருவர் இரவல் பெறும் சொற்கள் அல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளின் முகச்சாயல்.

சொல்லொற்றுமையினும் இலக்கண ஒற்றுமை வலியது. கேட்பவரை உட்படுத்தி ‘நாம்’ என்பதும், அவரை விலக்கி ‘நாங்கள்’ என்பதும் ஆகிய வேறுபாடு வடமொழியில் இல்லை. பகுத்தறிவுடைய உயிரையும் அல்லாதவற்றையும் திணையால் பிரிக்கும் முறையும் அங்கே இல்லை. வேற்றுமையுருபு ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றாகவே நிற்பது, எதிர்மறைக்கு வினையே தனி வடிவம் பெறுவது, ‘வந்த மனிதன்’ என்று பெயரெச்சத்தால் முடிப்பது ஆகியன இக்குடும்பத்தின் தனி நெறிகள். இவற்றைத் தொகுத்துக் காட்டி, தமிழ் வடமொழியின் துணையின்றித் தனித்து இயங்கவல்லது என்று அவர் முடிவு கூறினார். தமிழன்பர் பலர் அதற்கு முன்னும் இதை நம்பினர். ஆயினும் நம்பிக்கை வேறு, நிறுவுதல் வேறு.

இவ்விடத்தில் ஒரு நேர்மை வேண்டும். தென்மொழிகள் வடமொழியின் வழிவந்தன அல்ல என்று முதலில் அச்சில் காட்டியவர் கால்டுவெல் அல்லர். 1816-இல், காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைக் குறிப்பில், சென்னை அதிகாரி எல்லிசு தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் உறவைச் சான்றுகளோடு எடுத்துரைத்தார். 1819-இல் எல்லிசு காலமானதால் அப்பணி நின்றது. ‘திராவிடம்’ என்னும் பெயரும் கால்டுவெல் புதிதாகப் படைத்ததன்று. வடநூலாசிரியர் குமாரிலபட்டரின் வழக்கிலிருந்து எடுத்து விரித்ததே. எல்லிசின் பணிக்குக் கால்டுவெல் தந்த இடம் போதாது என்பதைத் தாமசு டிரவுட்மன் 2006-இல் வெளியிட்ட ஆய்வு நூல் விளக்கிற்று.

அவ்வாறாயின் கால்டுவெல்லுக்கே உரிய புதுமை யாது? விடை மலைகளில் இருக்கிறது.

மலைமொழிகள் பெற்ற அரியணை

இரண்டாம் பதிப்பில் அவர் பன்னிரண்டு மொழிகளைத் திராவிட மொழிகளாக எண்ணினார். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு என்பன ஆறு. இவற்றைத் திருந்திய மொழிகள் என்றார். தோடம், கோத்தம், கோண்டி, கூ என்னும் கோந்தம், ஒராவோன், இராசமகால் என்பன ஆறு. இவற்றைத் திருந்தாதன என்றார். பின்னைய ஆறும் மலைவாழ் மக்களும் காட்டுவாழ் மக்களும் பேசுவன. பலுச்சித்தானத்துப் பிராகூயி மொழியிலும் திராவிடக் கூறு உண்டு என்று சுட்டினார்.

‘திருந்தாத’ என்னும் அச்சொல் இக்காலத்துச் செவிக்கு உவப்பாக இராது. அது அக்காலத்தார் பார்வை. ஆயினும் பெயரில் தாழ்த்தியவற்றை அவர் ஆராய்ச்சியில் தாழ்த்தவில்லை. தமிழே மிகப் பழமையைப் போற்றி வைத்துள்ளது என்று கருதிய அவரே, தமிழ் ஒன்றை மட்டும் மூலத் திராவிடத்தின் முழுக் கண்ணாடியாகக் கொள்ளலாகாது என்றும், எல்லாக் கிளைகளையும் ஒப்பிடல் வேண்டும் என்றும், எழுத்தில்லா மலைமொழியும் பாமரர் பேச்சும் பழைய வடிவங்களுக்கு ஒளி தரக்கூடும் என்றும் வற்புறுத்தினார்.

இதன் ஆழத்தை ஒரு சொல்லால் அறியலாம். ‘கண்’ என்கிறோம். கன்னடத்திலும் தெலுங்கிலும் அச்சொல் சிறு திரிபோடு நிற்கிறது. கோண்டியில் அது ‘கன்’. சோட்டா நாகபுரியின் ஒராவோன் மக்களிடத்தும், இராசமகால் குன்றுகளிலும், அப்பால் பிராகூயியிலும் முதல் ஒலி தொண்டையில் உரசி ஒலிக்க, அதே சொல் வாழ்கிறது. பிராகூயி பேசுவோர் இரண்டை ‘இரட்’ என்றும் மூன்றை ‘முசிட்’ என்றும் எண்ணுகின்றனர். குமரிமுனை முதல் பலுச்சித்தானம் வரை பரந்து கிடந்த ஒரு குடும்பத்தின் எல்லைக்கற்களைக் காட்டித் தந்தவர்கள் புலவர்களும் அரசவைகளும் அல்லர். ஆடு மேய்த்தும் காடு திருத்தியும் வாழ்ந்த எளிய மக்கள். அவர்கள் பேச்சு நூலாகாமற் போயிருந்தால், தமிழின் உறவு ஐந்தாறு தென்மொழிகளோடு முடிந்திருக்கும்.

இம்மொழிகள் பலவற்றின் சொற்பட்டியல்களை அவர் பிறரிடமிருந்தே பெற்றார். வடகிழக்குக் குன்றுகளின் சொற்களைத் தொகுத்தவர் ஆட்சன். தோடமொழிக் குறிப்புகளுக்கு ஜி.யு. போப்பு துணை நின்றார். தொகுத்தவர் பலர், அவற்றை ஒரே அவையில் நிறுத்திச் சான்று கேட்டவர் கால்டுவெல். அவர் தொடங்கிய வழியிலேயே 1961-இல் பர்ரோ, எமனோ இருவரும் திராவிடச் சொற்பிறப்பகராதியை வெளியிட்டனர். எமனோ நீலமலையில் தங்கித் தோடர், கோத்தர் வாய்மொழியை எழுதியெடுத்தவர். பன்னிரண்டு எனக் கால்டுவெல் எண்ணியது இன்று இருபதுக்கும் மேற்பட்டுள்ளது. பின்னர்ச் சேர்ந்தவற்றுள் பெரும்பாலானவை பழங்குடி மக்களின் மொழிகளே.

அவர் காணாதவை

பெருநூல் என்பது பிழையற்ற நூல் என்று பொருள்படாது. திராவிட மொழிகளைப் பின்னிசு முதலிய ‘சித்திய’ மொழிகளோடு உறவுபடுத்த அவர் முயன்றார். அதனை இன்றைய மொழிநூல் ஏற்கவில்லை. தமிழிலக்கியத்தின் காலத்தை அவர் மிகவும் பின்தள்ளினார். சமணர் காலம் என அவர் வகுத்ததே கி.பி. எட்டு அல்லது ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிற்று. இதற்குக் காரணம் உண்டு. சங்க நூல்கள் அப்போது ஏட்டுச்சுவடிகளில் உறங்கிக் கிடந்தன. கலித்தொகை 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், புறநானூறு 1894-இலும் அச்சேறின. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் அந்தக் கதவைத் திறந்தபோது கால்டுவெல்லின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

நன்னனைப் பாடும் மலைபடுகடாமும் அப்பத்துப்பாட்டில் ஒன்று. ஜவ்வாது மலையில் தோன்றிச் செங்கம் வழி ஓடும் சேயாறு அந்நூலில் இடம்பெறும் ஆறு. மலையில் எழும் பல்வகை ஓசைகளைத் தொகுத்துக் கூறுவதால் பெயர் பெற்ற பாட்டு அது. மலையின் ஓசைக்குச் செவி கொடுத்த ஒரு புலவர் இப்பகுதியில் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே இருந்தார் என்பதைக் கால்டுவெல் அறிந்து ஒப்பிலக்கணத்தை எழுதியிருந்தால் எத்துணை மகிழ்ந்திருப்பார்!

மற்றொரு துறையில் அவர் தாமே மண்ணைத் தோண்டிப் பார்த்தார். பாண்டியரின் பழந்துறைமுகமாகிய கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து கண்டவற்றை 1877-இல் கட்டுரையாக வெளியிட்டார். 1968-க்குப் பின் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு நடத்தியபோது, கி.மு. 785 என்னும் கரிமக் கணிப்பு கிடைத்தது. 1881-இல் அவர் எழுதிய திருநெல்வேலி மாவட்ட வரலாறு சென்னை அரசினரால் அச்சிடப்பெற்றது.

சொல்லைக் கேட்டவர் மனிதரைக் கேட்டாரா?

இனிக் கசப்பான ஒன்றையும் கூறியாக வேண்டும். 1849-இல், தம் முப்பத்தைந்தாம் அகவையில், அவர் தாம் பணியாற்றிய பகுதியின் பனைத்தொழிலாளரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அந்நாளில் சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் பெருமக்களின் வழிபாடு, ஒழுக்கம், இயல்பு ஆகியவற்றை அந்நூல் விரித்தது. அவர்தம் அறிவாற்றலை அது தாழ்த்திப் பேசிற்று. இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர் என்றும் கூறிற்று. இங்கிலாந்தில் திருப்பணிக்குப் பொருளுதவி செய்வோர் படித்தற்கென எழுதப்பட்டது அது. தம்மைப் பற்றி எழுதப்பட்டதைப் பேசப்பட்டவர்களே ஒருநாள் படிப்பார்கள் என்று எழுதியவர் எண்ணவில்லை போலும்.

ஆனால் அவர் நாட்டிய பள்ளிகளே அந்த வாசகர்களை உருவாக்கின. கல்வி பெற்ற தலைமுறை அந்நூலைப் படித்தது, கொதித்தது, மறுப்பு நூல்களும் விண்ணப்பங்களும் எழுந்தன. 1857-இல் சட்டாம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் தொடர்பை அறுத்துத் தனித் திருச்சபை கண்டார்; அந்நூல் தந்த புண்ணும் அப்பிரிவின் காரணங்களுள் ஒன்று. பல்லாண்டுப் போராட்டத்தின் பின் அந்நூல் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. முதியவராகிய கால்டுவெல் அந்த எதிர்ப்பைத் தம் இறுதிக்காலம் வரை சுமக்க நேர்ந்தது.

இம்முரண்பாட்டை எவ்வாறு விளங்கிக்கொள்வது? ஒரு சொல்லை ஆராயும்போது கால்டுவெல் பொறுமையுடையவர். ஓரிடத்துச் சான்றை மட்டும் நம்பாமல் பன்னிரண்டு மொழிகளைக் கேட்டே முடிவு சொல்வார். மக்களைப் பற்றி எழுதும்போதோ அந்தப் பொறுமை அவரை விட்டு நீங்கிற்று. எட்டாண்டுப் பழக்கத்தைக் கொண்டு ஓர் இனத்தையே எடைபோட்டார். மொழியின் சான்றைக் கேட்டவர், மொழி பேசுவோரின் சான்றைக் கேட்கத் தவறினார். அவர் நெறியே அவர் பிழைக்கு மருந்தாக இருந்தது. அதை அவர் அங்கே கைக்கொள்ளவில்லை.

காலம் அதற்கொரு விடை அளித்தது. 1874-இல், அதே பனைநாட்டின் வெள்ளாளன்விளையில், அதே மக்களிடையே, வேதநாயகம் சாமுவேல் அசரியா பிறந்தார். 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாப் பேராலயத்தில் அவர் பேராயராகத் திருநிலை பெற்றார்; ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. கால்டுவெல் பேராயரானதும் அந்நகரிலேயே. தாழ்த்தி எழுதப்பட்ட 1849-க்கும் தலைநிமிர்ந்த 1912-க்கும் இடையே அறுபத்து மூன்று ஆண்டுகளே. தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில், தெலுங்கு கற்று, ஏழை எளிய மக்களிடையே அசரியா 1945 வரை உழைத்தார். நூலால் வந்த பழியை வாழ்வால் துடைத்தவர் என்று அவரைக் கூறலாம்.

பேராயர் பொறுப்பும் இறுதியும்

1877-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், கால்டுவெல்லும் சார்சென்றும் கல்கத்தாவில் பேராயர்களாகத் திருநிலைப்படுத்தப் பெற்றனர். பட்டம் பெரிதாயினும் தனி அதிகாரம் இல்லை. இருவரும் சென்னைப் பேராயருக்குத் துணைப் பேராயர்களாகவே நெல்லையில் இருந்தனர். ஒருவர் ஒரு கழகத்தின் சபைகளுக்கும், மற்றவர் மற்றொரு கழகத்தின் சபைகளுக்கும் பொறுப்பாயினர். நெல்லைக்கெனத் தனி மறைமாவட்டம் 1896-இல்தான் அமைந்தது. அப்போது இருவருமே உயிரோடு இல்லை.

அவர் பொறுப்பேற்ற நேரம் கொடியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிற்று. அந்நாள்களில் ஆயிரக்கணக்கானோர் நெல்லைச் சபைகளில் சேர்ந்தனர். பசி கொண்டுவந்த கூட்டமா, நம்பிக்கை கொண்டுவந்த கூட்டமா என்னும் வினா அன்றும் எழுந்தது. அறுபது வயதைக் கடந்த பேராயர் ஊர் ஊராகச் சென்று, உணவோடு பள்ளியும் கொடுத்தால் ஒழிய அந்த வரவு நிலைக்காது என்பதை உணர்ந்து உழைத்தார். சாயர்புரத்துக் கல்வி நிலையம் பின்னர்த் தூத்துக்குடிக்குக் கல்லூரியாக மாறிச் சென்றபோது, 1883-இல் அவரும் அந்நகரை அடைந்தார்.

இடையன்குடியில் அவர் 1847-இல் எழுப்பத் தொடங்கிய திருத்துவ ஆலயம், முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1880-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாள் நேர்ந்தளிக்கப்பட்டது. காசு சேர்ந்தபோது சுவர் எழும், சேராதபோது நிற்கும். அவருடைய ஒப்பிலக்கணமும் அவ்வாறே வளர்ந்தது எனலாம்.

1891-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொறுப்பினின்றும் ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் தங்கினார். அவ்வாண்டு ஆகத்து 28-ஆம் நாள் அங்கே உயிர் நீத்தார். உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு, இடையன்குடி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. எட்டாண்டுகளுக்குப் பின் எலைசா அம்மையாரும் மறைந்து அவரருகே துயில்கொண்டார். ரா.பி. சேதுப்பிள்ளை அவர் வரலாற்றை இனிய தமிழில் எழுதினார். 1968-இல் சென்னைக் கடற்கரையில் சிலை எழுந்தது; 2010-இல் அஞ்சல் தலை வெளிவந்தது; 2011-இல் இடையன்குடி இல்லம் நினைவிடமாயிற்று.

மலைக்கு உரிய பாடம்

சிலையும் அஞ்சல் தலையும் நாட்டின் கடன். மலைமேல் உள்ள தமிழவைக்கு வேறொரு கடன் உண்டு.

ஜவ்வாது மலைவாழ் பெருமக்கள் ‘மலையாளி’ எனப்படுகின்றனர். சமவெளியார் சிலர் அப்பெயரைக் கேட்டதும் கேரளத்தாரோ என மயங்குவர். மலையை ஆளும் மக்கள் என்பதே அதன் பொருள். அவர் பேச்சோ தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தோம் என்பது மலையாளிகளிடையே வழங்கும் முன்னோர் கதை. 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. பெயர் ஒன்றைக்கூடக் கேட்டறியாமல் பொருள் கொள்வோர், அம்மக்களின் சொற்களஞ்சியத்தை எங்ஙனம் அறிவர்?

சாமை விதைப்புக்கும் களையெடுப்புக்கும் கதிரடிப்புக்கும், தேனுக்கும் கிழங்குக்கும் மரத்துக்கும், மழைக்கும் மேட்டுநிலத்துக்கும், உறவுமுறைக்கும் சடங்குக்கும் மலையில் வழங்கும் சொற்கள் யாவும் அகராதியில் ஏறிவிட்டன என்று யாரும் சொல்ல முடியாது. சாலையும் பள்ளியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் மலையேறி வந்துள்ளன, அவை வேண்டியவையே. ஆனால் அவற்றோடு ஏறி வரும் பொதுப்பேச்சின் முன், முதியோர் நாவில் மட்டும் உள்ள சொல் ஓசையின்றி மறையும். ஒரு பாட்டி மறையும்போது அவரோடு மறையும் சொல்லை எந்த நூலகமும் மீட்டுத் தராது.

இம்மலையின் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் வானத்தை நோக்கி நிற்கிறது. மங்கிய விண்மீனின் ஒளியையும் வீணாக்காமல் சேர்ப்பது அதன் தொழில். மங்கிவரும் சொல்லைச் சேர்ப்பதும் அத்தகைய தொழிலே. அதற்கு வேண்டிய கருவி ஒரு குறிப்பேடும், பொறுமையுள்ள செவியும் மட்டுமே. மலைக்கிராமத்து மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் கேட்டு, சொல், பொருள், வழங்கும் இடம் ஆகிய மூன்றையும் எழுதுவாராயின், பத்தாண்டு கண்ட இம்மன்றம் அடுத்த பத்தாண்டில் தமிழுக்கு ஒரு புதிய செல்வத்தை ஈயும்.

அப்பணியில் கால்டுவெல்லின் இரு முகங்களையும் நினைவில் கொள்வது நலம். 1856-இல் நூலெழுதிய கால்டுவெல்லைப் போல எளியவர் சொல்லுக்கும் அரசவைச் சொல்லுக்கும் ஒரே தராசு பிடிக்க வேண்டும். 1849-இல் நூலெழுதிய கால்டுவெல்லைப் போல, சொல்லைத் தந்தவரை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பிறர்க்கு எழுதுதல் கூடாது. தொகுத்த சொற்பட்டியல் முதலில் மலைவாழ் மக்களிடமே படித்துக் காட்டப்பட வேண்டும், அவர்கள் ‘ஆம், இது எங்கள் சொல், இது எங்கள் பொருள்’ என்று கூறிய பின்னரே அச்சேற வேண்டும். மக்கள் ஒப்புதல் பெற்ற இலக்கணமே மக்களுக்கு உரிய இலக்கணம்.

அயல்நாட்டில் பிறந்து, நடந்தே நாட்டைக் கற்று, ஐம்பத்து மூன்று ஆண்டுகள் தமிழோடு வாழ்ந்த பேராயரின் உடல் மலையில் உயிர் நீத்துக் கடலோரத்தில் அடங்கிற்று. அவர் விட்டுச் சென்ற பணியோ கடலோரத்திலிருந்து மலைக்கு ஏறி வந்திருக்கிறது. அதனை ஏற்றுச் செய்தல் மலைத்தமிழர் கடமை.

வாழ்க தமிழ்! வளர்க மலைத்தமிழ் மன்றம்!